ஆட்டம் நீக்கும் மென்பொருள்: ஒரு திறனாய்வு

கையில் பிடித்துக்கொண்டே எடுத்த வீடியோவைத் திரையில் போட்டுப் பாருங்கள். கட்டடங்கள் குலுங்கும், நிற்பவர்கள் துள்ளுவார்கள். எடுத்தவரின் கை அசைந்ததே காரணம். இக்குறையைப் படத்தொகுப்பின்போது போக்கப் பல மென்பொருள்கள் உள்ளன. அடோபி நிறுவனம் 2011-இல் ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ மென்பொருளில் சேர்த்த ‘வார்ப் ஸ்டெபிலைசர்’ என்ற கருவி அவற்றுள் பெயர் பெற்றது. இதனை எந்த அளவுக்கு நம்பலாம்?

எவ்வாறு வேலை செய்கிறது?

வீடியோ என்பது நொடிக்கு 25 அல்லது 30 தனிப் படங்களின் தொடர் என்பதை அறிவீர்கள். சன்னலின் மூலை, பெயர்ப்பலகையின் எழுத்து போன்ற தெளிவான புள்ளிகளை மென்பொருள் குறித்துக்கொள்கிறது. அவை ஒவ்வொரு படத்திலும் எவ்வளவு நகர்ந்துள்ளன என்று அளக்கிறது. கோணல்மாணலான அந்தப் பாதைகளுக்குப் பதிலாகச் சீரான பாதைகளைக் கணக்கிடுகிறது. பின்னர் அவற்றுக்குப் பொருந்துமாறு ஒவ்வொரு படத்தையும் நகர்த்தி, சுழற்றி, சற்றே வளைத்தும் அமைக்கிறது. சிறந்த கணிதம்தான். ஆனால் இலவசமன்று!

கொடுக்கும் விலை

படத்தை நகர்த்தினால் ஓரத்தில் வெற்றிடம் தோன்றும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். 10 விழுக்காடு பெரிதாக்கினால் என்ன ஆகும்? நீளத்திலும் அகலத்திலும் 1.1 மடங்கு, பரப்பில் 1.21 மடங்கு. அதாவது முதலில் எடுத்த காட்சியில் 17 விழுக்காட்டுக்கு மேல் வெட்டுண்டு போகிறது.

அடுத்தது, மங்கல். ஒரு படம் பதிவாகும் நேரத்திற்குள்ளேயே காமிரா அசைந்தால், ஒளிப்புள்ளிகள் கோடுகளாக இழுபட்டுவிடும். படத்தை இடம் மாற்றுவதால் இக்கோடு மீண்டும் புள்ளியாகாது. ஆகவே, அசையாமல் நிற்கும் காட்சி காரணமின்றி அவ்வப்போது மங்கித் தெளியும்.

மேலும், ஒரு லாரி திரையை அடைத்துக்கொண்டு சென்றால், மென்பொருள் அதன் புள்ளிகளையே நிலையானவை என்று எண்ணிவிடக்கூடும். அப்போது பின்னாலுள்ள சுவர் நெளியும்!

ஆட்டமும் சான்றே

இவை தொழில்நுட்பக் குறைகள், நாளடைவில் குறையலாம். இவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஆட்டம் எப்போதும் குற்றம்தானா?

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டார். அக்காட்சியை ஆபிரகாம் ஸப்ரூடர் என்பவர் 8 மி.மீ. காமிராவில் பதிவு செய்தார். மொத்தம் 486 படங்கள். நொடிக்குச் சுமார் 18. ஆட்டம் நீக்கிய அதன் படிகள் இன்று உலவுகின்றன. காரின் ஓட்டத்தைப் பின்தொடர அவை உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை.

ஆனால் 1968-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்ற லூயி ஆல்வரெஸ், அந்த ஆட்டத்தையே ஆராய்ந்தார். சில படங்களில், காரின் மீது பட்ட வெயிலின் ஒளிப்புள்ளிகள் கோடுகளாக இழுபட்டிருந்தன. அவற்றைக் கொண்டு காமிரா எப்போது திடீரென அசைந்தது என்று கணித்தார். வெடியோசை கேட்டுக் கை திடுக்கிட்டதே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. 1976-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய முடிவுகளைப் பற்றி வாதங்கள் உண்டு. எனினும் ஒன்று தெளிவு: பார்ப்பவருக்குத் தொல்லையாகத் தோன்றிய ஆட்டம், ஆராய்ச்சியாளருக்கு அளவீடாயிற்று. சீராக்கிய படி மட்டுமே எஞ்சியிருந்தால், கையின் அசைவைப் படங்களின் நகர்விலிருந்து கணிக்க வழியேது?

நம் முடிவு

திருமணப் படத்திற்கும் சுற்றுலாப் படத்திற்கும் இக்கருவியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சீராக்கும் அளவு தொடக்கத்தில் 50 விழுக்காடாக இருக்கும். அதைக் குறைத்துப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும். விபத்து, வெள்ளம், போராட்டம், சோதனைச்சாலை ஆய்வு ஆகியவற்றின் பதிவாயின், மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். சீராக்கிய படியில் அவ்வாறு செய்ததைக் குறிப்பிடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, படமெடுக்கும்போது முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்து, ஒரு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். காமிரா அங்கேயே அசையாமலிருந்தால், வெட்டவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம்.