பரணுக்கு ஏணி சாத்தும் வாரம்

மார்கழியின் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பரணுக்கு ஏணி சாத்திவிடுவார்கள். அம்மா தலையில் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவார். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி வைப்பேன். கைப்பிடி உடைந்த வாணலி, மூடி இல்லாத தூக்குவாளி, தம்பியின் தொட்டில் கம்பி, தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் விளக்கு, கட்டுக்கட்டாகப் பழைய வாரப் பத்திரிகைகள். எதை எடுத்தாலும் "இது வேணுமா?" என்று அம்மா மேலேயிருந்து கேட்பார். கீழே நிற்கிறவர் உடனே பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மேலே இருப்பவருக்குக் கை கடுக்கும். வருஷம் முழுக்க யாரும் யோசிக்காத ஒரு கேள்விக்கு மூன்று நொடியில் தீர்ப்பு எழுதிவிடுவோம்.

போகியை ஒட்டி வீட்டை ஒழிக்கிற வழக்கத்தின் அருமை, குறை இரண்டும் அந்த மூன்று நொடியில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. பிடித்திருப்பதால்தான் கொஞ்சம் கறாராகப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில், இதற்கு முன்னோர் தேர்ந்த காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்திருக்கும். சுவரில் ஓதம் ஏறி, மூலைகளில் பூசணம் பூத்து, பெட்டிக்குள் இருக்கும் துணி முடைநாற்றம் அடிக்கும். பீரோவை ஒரு முழம் நகர்த்தினால் பின்னால் கறையான் மண்கோடு இழுத்திருப்பது தெரியும். தை பிறக்கும்போது மழை விட்டு வெயில் நிலைத்துவிடும்; மெத்தை, தலையணை, பாய் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயப்போடலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் ஏற்ற நேரம் அதுதான். நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். பூசணமும் பூச்சியும் அதில் நிற்காது. காய்ந்த பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும். வெள்ளையடிப்பது அழகுக்கான வேலையாக மட்டும் இருந்ததில்லை. அது வீட்டுக்கு வருஷத்துக்கொரு முறை பார்த்த வைத்தியம்.

அடுத்தது, வயல். சம்பா அறுவடை வாசலில் நிற்கும். புது நெல் வந்து இறங்குமுன் குதிரும் பத்தாயமும் காலியாகிச் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய நெல்லின் அடித்தூளில் அந்துப்பூச்சி முட்டையிட்டிருந்தால், அதன்மேல் புது நெல்லைக் கொட்டுவது பூச்சிக்குப் பந்தி வைப்பதற்குச் சமம். ஆகவே உழவர் வீட்டில் ஒழித்தல் என்பது கட்டாய வேலை, பண்டிகை அதற்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தது. என் கணக்கில் இந்த வழக்கத்தின் முதல் பலமே அந்தக் கெடுதான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட முடியாத ஒரு தேதி. ஊரே ஒரே வாரத்தில் ஒட்டடைக் கம்போடு நிற்கும்போது நம் வீடு மட்டும் சும்மா இருக்க முடியாது. உறவினர் வருவார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். இந்த உந்துதலைத் தனி மனித உறுதியால் ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

அன்று கழித்த பொருள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேய்ந்த விளக்குமாறு, கிழிந்த கோரைப்பாய், பிய்ந்த மூங்கில் முறம், ஓலைப்பெட்டி, விரிசல் விட்ட மண்பானை. இவற்றில் பானை உடைந்து மண்ணோடு போகும்; மற்றவை எரிந்தால் சாம்பல், எரிக்காவிட்டால் எரு. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் தெருவில் தீ மூட்டி நான் பார்த்ததில்லை. கழித்ததெல்லாம் எருக்குழிக்குப் போகும். கொங்கு நாட்டில் அன்று காப்புக்கட்டு: வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபூளை மூன்றையும் சேர்த்துக் கூரை இறவாணத்தில் செருகுவார்கள். வடமாவட்டங்களில்தான் விடியற்காலைத் தீ முக்கியம். பிள்ளைகள் போகி மேளம் கொட்டுவதும் அங்கேதான். சென்னைக்குக் குடிவந்த பிறகே நாங்கள் அதைக் கற்றுக்கொண்டோம்.

கற்றுக்கொண்ட காலத்தில் வீட்டுச் சாமான்கள் மாறிவிட்டிருந்தன. பாய் நைலானாகியிருந்தது. முறம் பிளாஸ்டிக், செருப்பு ரப்பர், மேளத்தில்கூடச் செயற்கைத் தாள். தீ மட்டும் பழைய தீயாகவே இருந்தது. டயர் எரிந்தால் கரியும் கந்தகப் புகையும் வரும். பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சினும். அதுவும் மார்கழி விடியலில் காற்று அசையாமல், பனி தரையோடு படிந்து கிடக்கும். புகை மேலே போக வழி இல்லாமல் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகி, பல வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. மாநகராட்சியும் டயர், துணி, பிளாஸ்டிக்கை எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கச் சொல்கிறது. இது மெல்லப் பலன் தருகிறது என்றுதான் என் தெருவைப் பார்க்கும்போது தோன்றுகிறது. ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கும் வீட்டில் அந்த விடியல் எப்படிப் போகும் என்பதை அறிந்தவர்கள் இதற்கு மேல் வாதம் கேட்க மாட்டார்கள். தீயைப் பற்றி எனக்கும் வேறு கருத்து இல்லை: அது தன் வேலையை முடித்துக்கொண்டது, போகட்டும்.

புகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவசரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. அதில் பழைய நோட்டுகள், என் பள்ளிக்கூடத்துத் தாள்கள், பஞ்சாங்கங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லாமல் மொத்தத்தையும் ஒரு சாக்கில் கட்டி, மறுநாள் விடிகாலை தெருத் தீயில் கொண்டுபோய்ப் போட்டேன். நீளவாக்கில் மடித்த, சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு மேலாக விழுந்து, அட்டை சுருண்டு பிரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அது எங்கள் வீட்டு மொய் நோட்டு. அத்தை கல்யாணத்திலிருந்து என் காதுகுத்து வரை, எந்த ஊர் யார் எவ்வளவு எழுதினார் என்ற கணக்கு முழுதும் அதில் இருந்தது. மொய் என்பது எங்கள் பக்கத்தில் அன்பளிப்பு என்று சொல்லிக்கொண்டாலும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதன் பிறகு பல வருஷம் ஒவ்வொரு பத்திரிகை வரும்போதும் அம்மா திகைத்தார். இருநூற்றொன்றா ஐநூற்றொன்றா என்று தெரியாமல் கூட்டி எழுதினார். ஓரிடத்தில் குறைத்து எழுதிவிட்டோம் என்று பிறகு தெரிந்தது, அந்த உறவு பழையபடி ஆகவில்லை. அம்மா என்னை ஒரு சொல் திட்டவில்லை. அதனால் எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நான் செய்த பிழையின் பெயர் சுத்தம். துடைப்பதற்குத் தேவையானது வேகம். எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதற்குத் தேவையானது நிதானம், அதோடு அந்தப் பொருளின் கதை தெரிந்த ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். போகி இரண்டையும் ஒரே நாளில், ஒரே கையில் கொடுத்துவிடுகிறது. பொருளின் மதிப்பைத் தூசியின் கனத்தை வைத்து அளக்கும் நிலைமை அப்போதுதான் வருகிறது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கும் கரிவலம்வந்தநல்லூர்ச் சம்பவம் இதன் கடைக்கோடி. வரகுணபாண்டியரின் ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனவரிடம், குப்பையாகக் கிடந்த ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம் என்று சொன்னார்கள். எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடத்தை ஒழுங்குபடுத்தினார்கள், அதையும் பக்தியோடு செய்தார்கள். நம் வீட்டுப் பரணில் நடப்பதும் சிறிய அளவில் அதுவே.

பழையது போய்ப் புதியது வருவதைப் பற்றிய நன்னூல் சூத்திரத்தை ஒவ்வொரு போகிக்கும் மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்கிறார்கள். பவணந்தி முனிவர் அதைச் சொல்லதிகாரத்தின் கடைசியில், மொழியை மனத்தில் வைத்து எழுதினார். ஒரு காலத்துச் சொற்கள் வழக்கொழிவதும் புதுச் சொற்கள் நுழைவதும் குற்றமாகாது என்பது அதன் பொருள். அதற்கு அவர் காட்டும் காரணம் காலம். சொல் ஒரே இரவில் கழிவதில்லை. பேசுவோர் குறைந்து, கேட்போர் குறைந்து, தானாக உதிர்கிறது. வீட்டுப் பொருளுக்கும் அந்த அவகாசம் வேண்டும் என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

அந்த அவகாசம் தரும் ஏற்பாடு நம் தெருவில் முன்பு இருந்தது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண் மாதம் ஒரு முறை கூடையை இறக்கி, சேலையை விரித்து வெளிச்சத்தில் பார்த்து, கிழிசலுக்குத் தக்கபடி டம்ளரா தட்டா என்று பேரம் பேசுவார். பட்டுச் சேலை என்றால் சரிகைக்குத் தனி ஆள். பழைய பேப்பர்காரரின் தராசு எப்போதும் வீட்டைச் சுற்றியே இருக்கும். பொருள் சொட்டுச் சொட்டாக வெளியேறியது; எது வேண்டும், எது வேண்டாம் என்று நிதானமாகப் பேசி முடிவெடுக்க நேரம் இருந்தது. எடைக்கடைகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அடுக்குமாடிக் காவலர் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். அதனால் பன்னிரண்டு மாதச் சாமானும் ஒரே வாரத்தில் கீழே இறங்கி, தூய்மைப் பணியாளரின் வண்டியில் ஏறுகிறது. பொங்கலுக்கு விடுப்பில்லாமல் அந்த வண்டியைத் தள்ளுகிறவரின் தோள் இந்த வழக்கத்தின் விலையில் ஒரு பகுதி.

இன்னொரு பகுதி வீட்டுக்குள் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. சாதாரண நாளின் கணக்கு இது. மார்கழி கடைசியில் இதோடு பரண், ஜன்னல் கம்பி, மின்விசிறி, பித்தளைப் பாத்திரம் தேய்ப்பது, வாசல் மெழுகுவது எல்லாம் சேரும். பொங்கலன்று அடுப்படியில் நிற்கும்போது பாதிப் பேருக்கு இடுப்பு நிமிராது. விடுமுறை யாருக்கு என்ற கேள்வியை நான் எங்கள் வீட்டில் கேட்கத் தவறிய வருஷங்கள் அதிகம்.

நகரத்தில் வேலை பார்க்கும் நாம் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். பேருந்து ஏறுகிற அன்று மாலை இங்கே அவசரமாக ஒரு பெருக்கல், துடைப்பு. உண்மையில் தயாராக வேண்டியது ஊரில் இருக்கும் வீடு. அங்கே எழுபது வயதுக்காரர் தனியாக ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை மேலே ஏற்றுகிறது. நாம் வந்து, பளிச்சென்று இருக்கும் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறோம். இரண்டு நாள் முன்னதாகப் போய் ஏணியில் நாம் ஏறினால் தீரும் குறை இது.

வெளியே போனதை விட உள்ளே வருவது அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். தை மாதத் தள்ளுபடிகள் காலியான அலமாரிக்காகவே காத்திருக்கின்றன. சாமானை ஒழுங்குபடுத்த என்று வாங்கும் பிளாஸ்டிக் டப்பாக்களே அடுத்த வருஷம் பரணில் ஏறுகின்றன. ஜப்பானியரான மரி கோண்டோ 2011-இல் எழுதிய புத்தகத்தில், அறை அறையாக ஒழிக்காமல் துணி, புத்தகம், தாள் என்று வகை வகையாக எடுத்து, நினைவுப் பொருள்களைக் கடைசிக்கு வைக்கச் சொன்னார். அந்த வரிசை நல்ல வரிசை. முதலிலேயே தகரப்பெட்டியைத் தொட்டவன் நான். ஆனாலும் ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்ற அவருடைய வேகம் எனக்கு ஒத்துவரவில்லை. கூட்டுக் குடும்பத்துச் சாமானில் பாதி நம்முடையதே இல்லை. உரியவர் ஊரில் இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் கழிக்கிற வேலை கார்த்திகை தீபம் முடிந்ததும் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். கடைசி வாரத்துக்குத் துடைப்பதும் காயப்போடுவதும் மட்டும் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். ஏணியில் ஏறுவது நான். அம்மா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, நான் இறக்குவதை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்க்கிறார். "இது வேணுமாம்மா?" என்று நான் கேட்கிறேன். முன்பு எங்களுக்கு இரண்டு பதில்தான் இருந்தன. இப்போது மூன்றாவதும் உண்டு: "தெரியலப்பா, அந்தச் சாக்குல போடு." சாக்கின் வாயைக் கட்டி, மாதத்தையும் வருஷத்தையும் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் போன மார்கழியில் அந்தச் சாக்குக்குப் போனது. கண்ணாடி விரிந்திருக்கிறது, பம்பு இறுகிவிட்டது. திருவிழா ராத்திரியில் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் பெரிய மாமா. சித்திரையில் அவர் வரும்போது எடுத்துக் காட்ட வேண்டும்.