பூப்புச் சடங்கும் சமூக அறிஞரும்: மலையகத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரத்தே அமைந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி உயரத்திலுள்ளது. அங்கே தேயிலை அருகி, உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் விளையும் மரக்கறிப் பாத்திகளே கண்ணிற் படும். இறங்கிச் செல்லச் செல்லத் தேயிலை மலைகள் விரியும். என் மாணாக்கராயிருந்து இப்பொழுது அவ்வூர்ப்புறத்தே ஆசிரியராயிருக்கும் ஒருவர் அழைக்க, சில ஆண்டுகளுக்கு முன் அயலிலுள்ள தோட்டமொன்றில் நடைபெற்ற பூப்புச் சடங்கிற்குச் சென்றிருந்தேன். லயத்துக் காம்பிராவின் ஒரு மூலையைப் பச்சைத் தழைகளால் மறைத்துத் தாய்மாமன் குச்சில் அமைத்திருந்தார். சீர்வரிசைத் தட்டுக்கள் வாயில்வரை நின்றன. பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் அச்சிறுமி, நாணத்தினும் பார்க்கச் சலிப்பே மிகுதியாக முகத்திற் காட்டி அமர்ந்திருந்தாள். அவளுடைய தாயாரிடம் சடங்கின் பொருளை வினவினேன். வினவியது என் தொழிற்குணம். அவர் கூறிய விடை இது: "பொருளெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மாஸ்டர். நான் சடங்கான நேரத்துல, குச்சில்ல இருந்த நாளுதான் எனக்கு மலை இல்லாத நாளு. அதுக்குப் பொறவு பேர் பதிஞ்சிட்டாங்க."

பேர் பதிதலென்பது தோட்டத்துச் செக்றோலிலே தொழிலாளியாகப் பெயர் எழுதப்படுதல். அவ்விடையை உள்ளத்தில் வைத்துக்கொண்டு, பாலியலையும் பால்நிலையையும் விளக்கப் புகுந்த சமூக அறிஞர் சிலரின் நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவர்கள் கண்டவற்றையும் காணாது விட்டவற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

இத்துறையின் தொடக்கத்திலேயே தமிழர் வந்து நிற்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. அமெரிக்க அறிஞர் லூயிஸ் மோர்கன் 1871 இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலுக்குத் தமிழ் உறவுச்சொற்கள் தலையாய சான்றாயின. அவற்றை அவருக்கு உதவியவர் ஆற்காட்டு மிஷனைச் சார்ந்த ஸ்கடர் என்பார். ஸ்கடர் குடும்பத்தாரின் மூத்தவர் மருத்துவப் பணி தொடங்கியது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலே என்பதை நம் வாசகர் பலர் அறிவர். தந்தையின் உடன்பிறந்தாரைப் பெரியப்பன், சித்தப்பன் என்றும், தாயின் உடன்பிறந்தாரை மாமன் என்றும் வேறுபிரித்து அழைக்கும் முறை, வட அமெரிக்காவின் இரோகுவா மக்களிடத்தும் இருக்கக் கண்டு மோர்கன் வியப்புற்றார். தமிழரும் செனேக்கா இரோகுவாவினரும் இருநூற்றுக்கு மேற்பட்ட உறவுகளில் ஒன்றுபடுகின்றனர் என்னும் அவருடைய முடிபை, எங்கெல்ஸ் 1884 இல் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலில் எடுத்தாண்டார். ஆகவே, பட்டிப்பொலைக் குச்சிலைத் தழைகொண்டு மறைத்த அந்தத் தாய்மாமன் எங்கெல்சின் நூலுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

எங்கெல்சின் கொள்கை எளிமையும் வன்மையும் உடையது. தொடக்கத்தே தாயுரிமை நிலவிற்று. மந்தையும் நிலமும் ஆடவர் கையிற் செல்வமாகச் சேர்ந்தபோது, அச்செல்வத்தைத் தம் சொந்த மக்களுக்கே கொடுக்க அவர்கள் விரும்பினர். மகன் தன் மகனே என்று துணிதற்குப் பெண்ணின் ஒழுக்கத்தைக் காவலிட வேண்டியதாயிற்று. கற்பென்பது சொத்தின் வேலி. பெண்டிர் அனைவரும் வீட்டை விட்டுப் பொதுத்தொழிலிற் புகும்போது அவ்வேலி வீழும் என்பதும் அவர் துணிபு. பெரியார் ஈ. வெ. ரா. வும் இவ்வழியிலே சொத்துரிமையையும் கற்பையும் பிணைத்துக் கண்டவர். 1932 இல் ஐரோப்பியப் பயணத்தின் முடிவில் அவர் இலங்கைக்கும் வந்து சென்றமை குறிப்பிடத்தக்கது.

இக்கொள்கையை மலையகத்தில் வைத்துப் பார்ப்போம். லயத்து மக்களுக்கு மகனிடம் விட்டுச்செல்ல யாது சொத்து இருந்தது? காம்பிரா தோட்டத்தினுடையது, மண்ணும் தோட்டத்தினுடையது, வேலை போனால் கூரையும் போம். வேலியிடுதற்குரிய பொருள் இல்லாவிடத்தே வேலி மட்டும் ஏன் நின்றது? கடன் பட்டும் சடங்கு செய்தமை ஏன்? மேலும், மலையகப் பெண் பொதுத்தொழிலிற் புகுந்தது நேற்றன்று. கோப்பிக் காலத்திற் பெரும்பாலும் ஆடவரே பருவந்தோறும் வந்து மீண்டனர். 1869 இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்து, ஆண்டு முழுவதும் கை வேண்டும் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, குடும்பம் குடும்பமாக ஆட்கள் கொணரப்பட்டனர். அன்றுதொட்டு நூறாண்டுக்கு மேலாக மலையகப் பெண் கூலித்தொழிலாளி. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நடுத்தரப் பெண்டிர் அலுவலகம் செல்லக் கனவு காணுமுன்பே அவள் விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றாள். எங்கெல்ஸ் கூறிய விடுதலை அவளுக்கு முதலில் வந்திருத்தல் வேண்டும், வந்திலது.

இனி, நம் நாட்டையே களமாகக் கொண்ட ஒரு விவாதத்தைக் காண்போம். கத்லீன் கஃப் என்னும் ஆங்கில மானிடவியலாளர் மலபாரில் ஆய்வு செய்து, பூப்புக்கு முன் நடைபெறும் தாலிகட்டுச் சடங்கு பற்றி 1955 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிராய்டின் உளப்பகுப்பை அவர் கருவியாகக் கொண்டார். கன்னி ஆடவனின் ஆழ்மனத்திலே தாயோடு ஒன்றுபடுகிறாள். அவளை முதன்முதல் அணுகுதல் அச்சந் தருவது. அவ்வச்சத்தைப் பிறர் ஏற்றுக் கழிக்கும் உபாயமே சடங்கு என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். இதனை மறுத்தெழுந்தவர் துருக்கியிற் பிறந்த நூர் யல்மன். நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியிலே தெருத்தென்ன என்னும் சிங்களக் கிராமத்தில் 1950களில் தங்கி ஆராய்ந்தவர் அவர். 1963 இல் வெளியான கட்டுரையில் அவர் கூறுவது இது: தந்தைவழி, தாய்வழி, இருவழி என உரிமை முறைகள் வேறுபட்டும் இலங்கையிலும் மலபாரிலும் பூப்புச் சடங்கு உண்டு. ஆகவே காரணம் உள்ளத்திலன்று, சாதியமைப்பிலே உள்ளது. சாதியின் தூய்மை பெண்ணின் வழியாகவே காக்கப்படுகிறது. தாழ்ந்த சாதியாளோடு கூடிய ஆடவன் குளித்தெழுந்தால் போதும். பெண்ணோ தன் வயிற்றிற் சாதியைச் சுமக்கிறாள். அதனால் அவள் கருவளம் பெறும் நாளிலிருந்து காவல் தொடங்குகிறது.

இவ்விருவருள் யல்மன் கூற்றே வலியுடையது என்பது என் கருத்து. ஆழ்மன அச்சமென்பது எதனையும் விளக்கும். எதனையும் விளக்குவது எதனையும் விளக்காது. யல்மனோ ஊர்தோறும் சென்று சரிபார்க்கத்தக்க ஒரு செய்தியைக் கூறுகிறார். மலையகத்துத் திருமணங்களிலும் சாதி பார்க்கப்படுகிறது என்பதை, மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975 இல் நூல் வெளியிட்ட ஜெயராமன் காட்டியுள்ளார். அவ்வளவில் யல்மன் வென்றார்.

ஆயினும் ஓரிடத்தில் அவர் கொள்கையும் தடுக்கி விழுகிறது. பதினைந்து நாளோ ஒன்பது நாளோ ஆடவர் முகம் படாமல் தழைக்குள் வைத்த பெண்ணை, அடுத்த திங்களே அதே பெற்றோர் கூடை மாட்டி மலைக்கு அனுப்பினர். அங்கே அவளை ஏவுபவன் ஆடவனாகிய கங்காணி. அவனுக்கு மேல் கணக்கப்பிள்ளை. அவனுக்கும் மேல் துரை. கொழுந்தை நிறுப்பவனும் நிறையிற் கழிப்பவனும் ஆடவனே. குச்சிலிற் காக்கப்பட்ட தூய்மை மலையில் எங்கே போயிற்று? துரைமாரும் கங்காணிமாரும் அப்பெண்டிருக்கு இழைத்த கொடுமைகள் மலையக வாய்மொழிப் பாடல்களில் வெளிப்படையாகவே உள. காவலே நோக்கமாயின் அவளை மலைக்கு அனுப்பியிருத்தல் இயலாது. யல்மன் கண்ட கிராமத்தில் நெல்வயல் இருந்தது, சொந்த மனை இருந்தது. தோட்டத்தை அவர் கணக்கில் எடுத்திலர். தெருத்தென்னவிலிருந்து தேயிலை மலைகள் தொலைவில் அல்ல என்பதையும் சொல்லிவைத்தல் தகும்.

மார்கரட் மீட் 1935 இல் நியூகினியாவின் மூன்று மக்கட் கூட்டத்தாரை ஒப்புநோக்கி, மென்மையும் வன்மையும் பாலோடு பிறப்பன அல்ல, வளர்ப்பினால் வருவன என்றார். அவருடைய தரவுகள் மிகவும் ஒழுங்காகப் பொருந்துகின்றன என்று பிற்காலத்தார் ஐயுற்றனர், அது நிற்க. மலையகத்துக்கு அவருடைய வினா பொருந்தும். கொழுந்து கொய்தற்குப் பெண்ணின் மெல்விரலே ஏற்றதென்பது தோட்டத்துரைமாரின் நெடுநாட் பேச்சு. மழையில் நனைந்த கூடையை நெற்றியிலே தொங்கவிட்டுக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறியிறங்கும் தொழிலுக்கு மென்மை தகுதியெனக் கண்டவரின் கண் நல்ல கண்! மெல்விரலின் மெய்ப்பொருளைச் சட்டப் புத்தகம் காட்டுகிறது. 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட மேல்மலை நாட்டுக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். பிள்ளைக்கு 32 சதம். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கூலிக்கு, தேயிலையின் பெரும்பகுதி வேலையை அவ்விரல்கள் செய்தன. இவ்வேற்றுமை நீங்கியது 1984 இலே, அவ்வாண்டு ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பின்னரே. கூலி சமமாயிற்று, நேரம் சமமாகவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆடவர் தம் கணக்கை முடித்து நண்பகல் கழிந்ததும் லயத்துக்குத் திரும்ப, பெண்டிர் மாலை நிறுவைவரை மலையில் நின்றனர்; அதன்பின் அடுப்பு.

எல்லாவற்றிலும் முதன்மையான செய்தி இனித்தான் உள்ளது. அப்பெண் உழைத்த காசு யார் கையிற் சென்றது? ரேச்சல் குரியன் 1982 இல் சர்வதேசத் தொழில் நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வு இதனை வெளிப்படையாகக் கூறுகிறது: மனைவியின் சம்பளத்தைக் கணவனும், மகளின் சம்பளத்தைத் தந்தையும் வாங்கிச் செல்வது தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. குமாரி ஜயவர்த்தனவும் குரியனும் சேர்ந்து 2015 இல் வெளியிட்ட நூலில் இதன் வரலாறு விரிவாக வருகிறது. எங்கெல்சின் கணிப்பு பிழைத்த இடம் இதுவே. பொதுத்தொழிலிற் புகுதல் விடுதலை தரும் என்று அவர் எண்ணியபோது, கூலி உழைத்தவர் கையிலேயே வந்து சேரும் என்று வினாவாமலே கொண்டார். கங்காணி முறை குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு கடனும் கணக்கும் எழுதியது. தோட்டம் குடும்பத்தைக் குலைக்கவில்லை. குடும்பத் தலைவனைத் தன் கடைநிலைக் கங்காணியாக்கிக்கொண்டது.

இதனை மனத்துட் கொண்டு நோக்கின், லெவி ஸ்த்ராஸ் 1949 இல் நிறுவிய கொள்கையும் வேறு நிறம் பெறுகிறது. ஆடவர் குழுக்கள் தம்முள் பெண்களைக் கொடுத்து வாங்குதலே சமூகப் பிணைப்பின் அடிப்படை என்றார் அவர்; மாமன் மகள், அத்தை மகள் மணம் அவருக்கு மிக உகந்த எடுத்துக்காட்டு. அமெரிக்கரான கேல் ரூபின் 1975 இல் அவரையும் எங்கெல்சையும் பிராய்டையும் ஒருங்குவைத்து, பெண்ணைப் பெண்ணாக்குவது உடலன்று, இக்கொடுக்கல் வாங்கல் முறையே என்று எழுதினார். கூர்மையான கட்டுரை. ஆயினும் தோட்டத்தில் ஒரு மகளைக் கட்டிக்கொடுக்கும்போது மாறுவது உறவு மட்டுமன்று. அவள் பெயர் ஒரு தோட்டத்துச் செக்றோலினின்றும் மற்றொரு தோட்டத்துச் செக்றோலுக்கு மாறுகிறது. ஒரு குடும்பம் ஒரு பேரை இழக்கிறது, மற்றொன்று பெறுகிறது. மலையக வழக்கில் நாட்கூலிக்கும் 'பேர்' என்றே சொல்வதும், வேலை குறைந்தால் 'அரைப் பேர்' விழுவதும் நோக்கத்தக்கன. ஆளும் கூலியும் ஒரே சொல்லில் அடங்கிய இடத்தில், பெண் கொடுத்தலை வெறும் உறவுக் குறியீடாகப் படித்தல் குறையுடைத்து.

நம் பழைய நூலொன்றையும் இவ்விடத்தே நினைதல் பொருந்தும். தொல்காப்பியர் கற்பியலில், மணக்கரணம் தொன்றுதொட்டு இயற்கையாய் இருந்ததெனக் கூறினாரல்லர். மாந்தரிடையே பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே சான்றோர் அதனை வகுத்தனர் என்கிறார். மேலோர்க்கு வகுத்த கரணம் கீழோர்க்கும் ஆகிய காலம் உண்டென்றும் குறிக்கிறார். சடங்கிற்கு வரலாறு உண்டு, அது செய்யப்பட்டது, ஒரு கூட்டத்தாரிடமிருந்து பிறிதொரு கூட்டத்தாருக்குப் பரவுவது என்னும் மூன்று கருத்துக்கள் அதில் அடங்கியுள்ளன. சடங்கென்றால் மாறாப் பழமையென்று கொண்டு தொடங்கிய மேனாட்டார் சிலருக்கு இத்தெளிவு வாய்க்கவில்லை. எனினும் தொல்காப்பியரும் உழைப்பைப் பற்றி அவ்விடத்தே பேசினாரல்லர் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே என் முடிபு இது. உள்ளம் என்றார் ஒருவர். சொத்து என்றார் ஒருவர். சாதி என்றார் பிறிதொருவர். எல்லாரும் காவலை விளக்கினர். காவலிலிருந்த பெண் அடுத்த நாள் எங்கே சென்றாள் என்று வினவினாரில்லை. மலையகப் பெண்ணின் பூப்பு, மணத்துக்கு உரியவளானாள் என்பதை உறவினருக்கு அறிவித்தது போலவே, முழு உழைப்புக்கு உரியவளானாள் என்பதைக் குடும்பத்துக்கும் தோட்டத்துக்கும் அறிவித்தது. இரண்டறிவிப்புக்கும் நடுவே கிடைத்த சில நாட்களே அவளுக்கு ஓய்வு. சடங்கைப் பெண்டிரே விரும்பிக் காத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சீர் கொணரும் தாய்மாமன் முன்னிலையிலே, வாழ்நாளில் ஒருமுறை, பிறர் சமைத்துப் பரிமாற அவள் அமர்ந்திருந்தாள். அதனை அடிமைத்தனத்தின் அடையாளமென்று மட்டும் எழுதிவிடுதல் எனக்கு ஒவ்வவில்லை.

இம்முடிபு பிழையாகவும் இருக்கலாம், ஆனால் சரிபார்க்கத்தக்கது. இன்று சிறுமியர் பாடசாலை செல்கின்றனர். சடங்கும் பேர் பதிதலும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதில்லை. முன்னைத் தலைமுறையில் அவை எவ்வளவு அணித்தே நிகழ்ந்தன என்பதை அறிய இரண்டு சான்றுகள் உள: ஒன்று, தோட்டத்து அலுவலகங்களில் எஞ்சியிருக்கக்கூடிய பழைய செக்றோல்கள், மற்றொன்று, பாட்டிமாரின் நினைவு. மலையகத்திலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் விடுமுறையில் இல்லஞ் செல்லும்போது தத்தம் பாட்டியாரிடம் இரண்டு நாட்களைக் கேட்டு எழுதிவருவாராக: சடங்கு நடந்தது எப்பொழுது, பேர் பதிந்தது எப்பொழுது. முதற் சம்பளத்தை யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்பதையும் கூடவே கேட்டல் நன்று.