சாவிக்கொத்தும் கடிகாரமும்

வகுப்பில் ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழுந்தால், தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் முதலில் எழும் குரல் "சாவி கொண்டா!" என்பதுதான். பீரோ சாவியோ வண்டிச் சாவியோ, எது அகப்பட்டாலும் சரி. இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பார்கள். சற்று நேரத்தில் உதறல் நிற்கும். பெயர் சாவிக்கு!

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். ஓடிப்போய்ச் சாவி கொண்டுவரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. இரும்பின் மகிமை இந்தத் தற்செயலில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்துகிறவரும் அந்த நேரத்தில் சாவிதான் கேட்கிறார்.

இந்தப் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. ஆனால், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து விலகக்கூடிய கூட்டத்தைப் பிள்ளையின் அருகே உட்காரவைப்பதும் அதே சாவிதான். பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவதோடு ஒப்பிட்டால் இதன் கேடு குறைவு. கரண்டியால் பல் உடையும், மூச்சும் அடைபடலாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது என்பதால் கரண்டிக்குத் தேவையே இல்லை.

சாவியின் உண்மையான நட்டம், அது தின்றுவிடும் நிமிடங்கள். பெஞ்சை நகர்த்த, டையைத் தளர்த்த, தலைக்கடியில் மடித்த துப்பட்டாவை வைக்க, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க ஆள் இருப்பதில்லை. முக்கியமாக, மணி பார்ப்பாரில்லை. 5 நிமிடம் தாண்டினால் அது அவசர நிலை. 108-ஐ அழைத்தாக வேண்டும்.

வலிப்பு பற்றி ஆசிரியர்களிடம் நடத்தப்படும் கணக்கெடுப்புகள் வழக்கமாகக் கேட்பது: இது தொற்றுமா, மனநோயா, பேய் பிடிப்பதா? சரியான கட்டத்தில் டிக் அடித்தவரே வலிப்புள்ள மாணவியைச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போகத் தயங்கலாம். அந்தப் பயம் முழுக்கத் தவறல்ல. தனியாக நீந்தவோ உயரத்தில் ஏறவோ விடாதிருப்பது நியாயம்தான். ஆனால் முறையான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்தில் கட்டுப்பட்டிருக்கும் பிள்ளையையும் கோகோ ஆட்டத்திலிருந்து ஓரங்கட்டுவது வெறும் தற்காப்பு.

விழாத வலிப்பும் உண்டு. டிக்டேஷன் எழுதும் சிறுமி திடீரென நிற்கிறாள். பார்வை நிலைகுத்துகிறது, இமை படபடக்கிறது, பத்து விநாடியில் மறுபடி எழுதுகிறாள். நோட்டில் நடுவே நாலு சொல்லைக் காணோம். "பராக்குப் பார்க்கிறாள்" என்று திட்டு விழுகிறது. இது ஒரே நாளில் பல தடவை வரக்கூடிய வலிப்பு வகை. மணிக்கணக்கில் பிள்ளையின் முகத்தையே பார்த்திருக்கும் வாய்ப்பு வீட்டைவிட வகுப்பில்தான் அதிகம். ஆகவே, இதை முதலில் பிடிக்கக்கூடியவர் ஆசிரியர்தான். பேச்சளவில் நின்றுவிடும் ஒருநாள் விழிப்புணர்வுப் பயிற்சி இந்தக் கண்ணைத் தருவதில்லை.

வகையைப் பொறுத்து மருந்தும் மாறும். மற்ற வலிப்புகளுக்குப் பயன்படும் கார்பமாசெபின், இந்த வெறித்த பார்வை வலிப்பைக் கூட்டிவிடலாம். அதனால்தான் மருத்துவர் துருவிக் கேட்கிறார்: எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் செருகியது, எத்தனை நிமிடம்? அம்மா அங்கே இருந்திருக்கமாட்டார். சாவி தேடி ஓடிய ஆசிரியரும் பார்த்திருக்கமாட்டார்.