நீர்மட்டப் பெட்டியும் இ-பேப்பரும்

தமிழ் நாளிதழ்களை இணையம் என்ன செய்துவிட்டது என்று ஆரம்பித்தால் பேச்சு உடனே விற்பனை, விளம்பரம், யூடியூப் என்று போய்விடுகிறது. நான் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மதுரைப் பதிப்புகளில் உள்பக்கத்தில் வரும் அணை நீர்மட்டப் பெட்டி. நான்கைந்து வரிதான். முல்லைப் பெரியாறு, வைகை, நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு. சென்னை வாசகர் கண்ணில் அது படவே படாது. மேலூர்க்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏன் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதைத் தாண்டி மேலூர், திருமங்கலம் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒருபோகம். பெரியாறு, வைகை இரண்டு அணைகளின் இருப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் தண்ணீர் திறப்பார்கள். செப்டம்பர் நடுவில் திறக்கச் சொல்லி மேலூர்ப் பக்கம் ஆண்டுதோறும் கோரிக்கை எழும். "போன தடவை இதே மட்டம் இருந்தப்ப திறந்தீங்களே?" என்று ஒரு விவசாயி கேட்க வேண்டுமென்றால், போன தடவை எத்தனை அடி இருந்தது என்பது அவர் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பழைய செய்தித்தாள்களைத் தேட ஆரம்பித்தேன். இருபது வருடத்துக்கு தினசரி வைகை நீர்மட்டம் வேண்டும், அவ்வளவுதான். சாஃப்ட்வேர்க்காரனுக்கு ஒரு வார இறுதி வேலை என்று தோன்றும் இல்லையா? அப்படி இல்லை.

முதல் தடை எழுத்துரு. யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது. ஆனாலும் நம் நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது ஆளுக்கொரு எழுத்துருவோடு வந்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தி வைக்கும் வேலை அது. பாமினியில் ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. 'வைகை' என்று தேடினால் ஒன்றும் வராது. அந்தக் காலத்தில் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியையும், ஃபயர்ஃபாக்ஸில் பத்மா நீட்சியையும் வைத்துக்கொண்டு நாமெல்லாம் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும்.

இதை ஒரு காலத்தின் குறை என்று விட்டுவிடலாம். ஆனால் 1998 பொங்கலன்று இதே ஊர்ப்பெயரில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். அதுவும் மயிலை எழுத்துருவில்தான் ஆரம்பித்தது. பிறகு டிஸ்கி, அப்புறம் யூனிகோடு. ஒவ்வொரு முறையும் தன்னார்வலர்கள் பழைய கோப்புகளைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்தார்கள். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. சங்கப் பாடல் இன்று தேடினால் கிடைக்கிறது. 2003ஆம் வருட நீர்மட்டம் கிடைக்கவில்லை. தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். பழையதைக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது நினைத்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாவது தடை, முன்னேற்றம் என்ற பெயரில் வந்த இ-பேப்பர். அச்சுப் பக்கத்தின் படம். பார்க்க அழகு. ஆனால் படத்துக்குள் தேட முடியாது. பழைய நாள் வேண்டுமென்றால் சில இடங்களில் சந்தா, சில இடங்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் கிடையாது. நான் ஒரு நாளிதழுக்குச் (பெயர் வேண்டாம்) சந்தா கட்டி, சேமித்து வைத்திருந்த இணைப்புகளைத் திறந்தேன். தளத்தின் வடிவமைப்பை மாற்றியதில் பாதிக்கு மேல் முகப்புப் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவருக்கு நான் கேட்பது என்னவென்றே புரியவில்லை. "இன்னிக்கு பேப்பர் திறக்குதுல்ல சார்?" என்றார். அவர்கள் பார்வையில் அதுதான் பேப்பர். நேற்றையது கிடையாது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட்டையும் ஓட்டிப் பார்த்தேன். கட்டுரைக்கு ஓரளவு சரி. நீர்மட்டப் பெட்டியில் எழுத்து பொடி, எண்கள் வேறு. 8ஐ 6 என்று படிக்கிறது. வைகையில் இது விளையாட்டு இல்லை. 71 அடி அணையில் 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. ஒரு இலக்கம் மாறினால் கதையே மாறிவிடும்.

"அரசுத் துறையிடம் கணக்கு இருக்குமே" என்பார்கள். இருக்கும். மத்திய நீர் ஆணையத்தின் வாராந்திர அறிக்கையில் வைகையும் உண்டு. ஆனால் வாரத்துக்கு ஒரு எண்ணை வைத்து, தண்ணீர் திறந்த நாளைப் பற்றி வாதாட முடியாது. இன்னொன்று, துறையோடு தகராறு என்றால் துறையின் கணக்கை மட்டும் நம்பிப் போக முடியுமா? நாளிதழ் அச்சானபோது அதே எண் அன்றைக்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் பதிவாகிவிட்டது. பின்னால் யாரும் திருத்த முடியாத நகல் அது. வெப்சைட்டில் இருக்கும் பக்கத்துக்கு அந்தத் தன்மை கிடையாது.

வாசகர் பக்கம் நஷ்டம் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். இன்று நீர்மட்டம் காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. டீக்கடையில் பேப்பரின் நடுத்தாள் யார் கையில் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டியதில்லை. வேகம் என்று பார்த்தால் பத்திரிகை தோற்றுவிட்டது, நியாயமாகவே. ஆனால் அந்தப் படம் நான்கு நாளில் 'காலை வணக்கம்' பூக்களுக்கு அடியில் போய்விடும். போன் மாற்றினால் அதுவும் இல்லை.

தினத்தந்தி 1942இல் மதுரையில்தான் பிறந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்பது ஆதித்தனாரின் பிடிவாதம். தலைப்பைப் படித்தாலே செய்தி தெரிந்துவிடும். இன்று பல செய்தித் தளங்களின் தலைப்பு செய்தியை ஒளித்து வைக்கிறது: "வைகை அணை நீர்மட்டம் இவ்வளவா?" எவ்வளவு என்று தெரிய உள்ளே போய் மூன்று விளம்பரம் தாண்ட வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டால் கிளிக் போய்விடுமாம்!

யாழ்ப்பாணத்தில் ஈழநாடு அலுவலகம் 1981இல் நூலகத்தோடு எரிந்தது. அந்த ஊர்ப் பத்திரிகைகளை நூலகம் திட்டம் 2005 முதல் தேடித்தேடி ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. இங்கே எதுவும் எரியவில்லை. பேப்பர் கட்டுகள் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன, டிஜிட்டல் பக்கங்கள் சர்வர் மாற்றத்தில் போகின்றன.

நாளிதழ்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. அந்தப் பெட்டிக்கான எண்களை யாரோ ஒருவர் தினமும் தட்டச்சு செய்துதான் பக்கத்தில் வைக்கிறார். அதே எண்களைத் தேதியோடு ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வந்தால் போதும். வருடத்துக்கு 365 வரி. ஒரு நடிகை புகைப்படத்தைவிடச் சின்னது.

அதுவரை கையால்தான். பழைய பேப்பர் கடையில் வாங்கிய கட்டுகளிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், இடையிடையே பெரிய ஓட்டைகள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய மதுரைப் பதிப்புகள் இருந்தால், எடைக்குப் போடும் முன் அந்தப் பெட்டியையும் தேதியையும் மட்டும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் முதலில் வேண்டும்.