நெகேமியா மோத்தாவும் கேரள யூதரின் ஆன்மிக எழுத்தும்

நெகேமியா மோத்தா 1615 டிசம்பரில் கொச்சியில் காலமானார். எபிரேயக் காலக்கணக்கில் அது 5376ஆம் ஆண்டின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள், விளக்குத் திருநாளான ஹனுக்காவின் முதல் நாள். மட்டாஞ்சேரியில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல் இந்த நாளையும், தந்தை பெயர் ஆபிரகாம் மோத்தா என்பதையும் சொல்கிறது. மறைஞானியென்றும், கல்வியின் ஒளியை நாடெங்கும் பரப்பியவரென்றும் அவரைப் போற்றுகிறது. கேரள யூதர்களின் எபிரேயக் கவிஞர்களில் மிகப் பெரிய பெயர் அவருடையது. ஆனாலும் அவர் வாழ்க்கையைப் பற்றிக் கிடைக்கும் எழுத்துச் சான்று பெரும்பாலும் இந்தக் கல்லோடு முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1662இல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டபோது யூதர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். அந்த முற்றுகை பலிக்காமல் டச்சுப்படை பின்வாங்கியதும், போர்த்துகீசியர் யூதத் தெருவைச் சூறையாடி, தொழுகைக்கூடத்தில் இருந்த சுருள்களையும் ஏடுகளையும் எரித்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சி டச்சுக்காரர் வசமானது. கூடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். எரிந்த ஏடுகள் எரிந்தவைதாம்.

ஆகவே மோத்தா எந்த ஊர்க்காரர் என்பதில் மரபுக்கதைகள் பல. ஏமனிலிருந்து வந்தவர் என்பது ஒன்று. ஜெர்மனி, போலந்து, இத்தாலி என்று வேறு கதைகளும் உலவுகின்றன. ஏமன் என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. ஏடனுக்கும் மலபார்க் கரைக்கும் இடையே மிளகு வணிகம் பல நூற்றாண்டுகளாக நடந்தது. ஏமனின் கவிஞரும் ஞானியுமான சக்காரியா அல்தாகிரி 16ஆம் நூற்றாண்டில் கொச்சிக்கு வந்து போனதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். மிளகு போன கப்பல்களில் பாட்டும் வந்திருக்கலாம்.

கேரளக் கரையில் யூதர் இருந்ததற்கான பழைய தடயம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லத்தில் கிடைக்கிறது. வேணாட்டு அய்யனடிகள் 849இல் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. சுமார் 1000ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையையும் 72 உரிமைகளையும் வட்டெழுத்துச் செப்பேட்டில் கொடுத்தார். 12ஆம் நூற்றாண்டில் தூதேலா நகரத்துப் பெஞ்சமின் தம் பயணநூலில் கொல்லத்து யூதரைப் பற்றி எழுதும்போது, மோசேயின் சட்டமும் தீர்க்கதரிசிகளின் நூல்களும் அவர்களுக்குத் தெரியும், சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் கொஞ்சம் பழக்கம் உண்டு என்கிறார். இந்த மதிப்பீடு பின்னாளுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. இங்கே சட்ட விரிவுரை வளரவில்லை. பாட்டு வளர்ந்தது.

காரணம் சமூக அமைப்பில் இருக்கிறது. கேரள யூதரிடம் பட்டம் பெற்ற ரப்பிமார் பரம்பரை உருவாகவில்லை. தொழுகையை நடத்தத் தெரிந்த ஆண் யாராயினும் நடத்துவார். நிர்வாகம் மூத்தவர்களிடம் இருந்தது. சமூகத்தின் தலைவருக்கு அரசர் கொடுத்த பட்டம் நமக்கு நன்கு பழக்கமானது: முதலியார். வடக்குப் பறவூர்த் தொழுகைக்கூடத்தைக் கட்டிய டேவிட் யாக்கோபு காஸ்தியேல் அப்படி ஒரு முதலியார். அங்குள்ள கல்வெட்டு குறிக்கும் ஆண்டும் 5376தான், அதாவது மோத்தா மறைந்த அதே எபிரேய ஆண்டு. பறவூர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூரோடு சேர்ந்ததால், அந்தக் கூடத்து மக்கள் பின்னர் திருவனந்தபுரத்து அரசின் குடிகளானார்கள்.

தீராத மார்க்கக் கேள்வி எழுந்தால் கடல் கடந்து கடிதம் எழுதினார்கள். சுமார் 1520இல் கெய்ரோவிலிருந்த ரப்பி டேவிட் பென் சிம்ராவுக்கு அப்படி ஒரு கேள்வி போனது. கொச்சியில் ‘நற்குலத்தார்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்ட சிறு குழுவினர், மற்ற யூதரை அடிமை வழியினர் என்று ஒதுக்கி, மண உறவு மறுத்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் முறைப்படி சடங்கு நீராட்டுப் பெற்றால் முழு யூதரே, அவர்களோடு மணவுறவு கொள்ளலாம் என்று ரப்பி தீர்ப்பளித்தார். பின்பு அதே நாட்டின் இன்னொரு ரப்பியான யாக்கோபு காஸ்த்ரோவும் அதையே சொன்னார். கொச்சியில் இரண்டு தீர்ப்புகளும் நடைமுறைக்கு வரவில்லை. ஜாதி, ரப்பியை விடப் பலமாக இருந்தது.

மோத்தா வாழ்ந்த காலம் யூத மறைஞானமான கப்பாலாவின் பொற்காலம். கலிலேயாவின் சஃபேத் நகரில் மோசே கொர்தோவேரோவும் ஐசக் லூரியாவும் போதித்தார்கள். லூரியா 1572இல் இறந்தார். கப்பாலாவின் மூலநூலான சோகார் 1558–60 காலத்தில் இத்தாலியில் அச்சேறி எங்கும் பரவியது. நாடிழந்து சிதறிய மக்களின் துயரம் இறைவனின் பிரசன்னத்துக்கும் நேர்ந்த நாடிழப்பே, வழிபாடும் பாட்டும் அந்தப் பிரிவைச் சீர்செய்ய உதவும் என்பது அந்த மரபின் மையக் கருத்து. இந்தக் கருத்தைத் தத்துவநூல்களைவிட வேகமாகக் கொண்டுசென்றவை பாட்டுகள். சஃபேத்தில் சாலமோன் அல்காபெஸ் சபாத் மாலைக்குப் பாட்டு எழுதினார். சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரவேல் நஜாரா எழுதினார். ஏமனில் அடுத்த தலைமுறையில் ஷாலோம் ஷபாசி எழுதினார். மோத்தாவை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அவர் இடம் விளங்கும். ஒரு மூலையில் தனியே எழுதியவராக அவரைக் காட்டுவது சரியன்று.

அவர் பாடல்கள் பிழைத்ததற்கு வழிபாட்டில் இடம்பெற்றதே காரணம். கொடுங்கல்லூருக்கு யூதர் இட்ட பெயர் ஷிங்லி. அந்தப் பெயரால் வழங்கும் கேரள வழிபாட்டு முறைக்கு 1757இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திருநாள் தொழுகைநூல் அச்சிட்டார்கள். அதில் மோத்தாவின் சுமார் இருபது பாடல்கள் இடம்பெற்றன. இதற்கு முன்பே, 1688இல், கொச்சிக் கவிஞர் எலியாகு அதெனியின் பாடல்நூல் அதே நகரில் அச்சாகியிருந்தது. 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் மோசே பெரைரா தெ பைவாவைக் கொச்சிக்கு அனுப்பியதிலிருந்து இந்தத் தொடர்பு உறுதிப்பட்டிருந்தது. டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரகபி குடும்பம் அதை மேலும் வளர்த்தது. டேவிட் ரகபி எழுதிய காலக்கணிப்பு நூல் 1791இல் அங்கேயே வெளிவந்தது. அது நல்ல புலமை நூல். மக்கள் வாயில் நின்றது மோத்தாவின் பாட்டே.

பாட்டு மிகுதியாக ஒலித்த நாள் சிம்ஹத் தோரா. சட்டநூலை ஆண்டு முழுவதும் ஓதி முடிக்கும் திருநாள் அது. கேரளத்தில் அன்று சுருள்களைக் கூடத்துக்கு வெளியே எடுத்து முற்றத்தைச் சுற்றி வருவார்கள். மற்ற நாட்டு யூதரிடம் பொதுவாகக் காணாத வழக்கம் இது. கோயில் உற்சவத்தின் சாயல் இதில் இருப்பதாக நேதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் இருவரும் 1993இல் வெளிவந்த தங்கள் ஆய்வில் வாதிட்டார்கள். சுவாமி புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாதம் மிகையாகப் படாது.

கவிஞரைவிட மகானாகவே மோத்தாவைப் பொதுமக்கள் அறிந்தார்கள். நினைவுநாளில் கல்லறையில் கூடி விளக்கேற்றி விருந்து வைப்பது கேரளத்தின் பழைய யூதக் குடிகளான மலபார் யூதர் வழக்கம். நம் ஊர்ச் சித்தர் சமாதியில் நடக்கும் குருபூஜைக்கு அது நெருங்கிய உறவு. சுற்றியிருந்த இடுகாடு மறைந்து வீடுகள் எழுந்த பிறகும் இந்த ஒரு கல்லறையை யாரும் தொடவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே வந்து நேர்ந்துகொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஆனால் யூதர்களுக்குள்ளேயே அவர் பொதுச்சொத்தாக இருக்கவில்லை. மலபார் யூதர் அவரைத் தங்கள் மகானாகக் கொண்டாட, வெளிநாட்டிலிருந்து வந்து 1568இல் தனிக் கூடம் எழுப்பிய பரதேசி யூதர் அந்த மதிப்பை அவருக்குத் தரவில்லை.

எபிரேயப் பாடல்கள் ஆண்கள் நடத்திய தொழுகையைச் சார்ந்தவை. மலையாளத்தில் பெண்களுக்கென்று தனி மரபு இருந்தது. விவிலியக் கதைகள், தொழுகைக்கூடங்களின் வரலாறு, திருமணச் சடங்கு, கிளிப்பாட்டு எல்லாம் அதில் உண்டு. தாய்மார் நோட்டுகளில் எழுதி மகள்களுக்குக் கொடுத்தார்கள். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதைப் பல நாட்டு யூதர் தடுத்தபோதும் கேரளத்தில் தடையில்லை. பி. எம். ஜுஸ்ஸே, பார்பரா ஜான்சன், ஸ்கறியா சக்கறியா ஆகியோர் உழைப்பால் 200க்கு மேற்பட்ட பாடல்கள் தொகுக்கப்பட்டன. ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த ‘கார்குழலி’ 2005இல் ஜெருசலேமில் வெளிவந்தது. யூத ஆன்மிகத்துக்குக் கேரளம் தந்த தனிக்கொடை எது என்று கேட்டால் இந்த நோட்டுகளைத்தான் முதலில் காட்டவேண்டும்.

1950களின் நடுப்பகுதிக்குள் கேரள யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெவாத்திம், மெசிலத் சியோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் ஷிங்லி முறைப் பாடல்களைக் கொண்டுசென்று பாதுகாத்தார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் கூடத்தின் மர உட்புறம் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறவூர், சேந்தமங்கலம் கூடங்களைக் கேரள அரசு புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. செப்பேட்டையும் குலச் சண்டையையும் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. மோத்தாவின் எபிரேயப் பாடல்களையும் பெண்களின் மலையாளப் பாடல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வே இனி வேண்டும். பக்திப் பாடல்களைத் துறைதுறையாகப் பிரித்துப் படித்துப் பழகிய தமிழ் ஆய்வாளர்களுக்கு அந்த வேலை கைவரக்கூடியதே.