நாக்கு மடிந்த கிதாபு

பழைய கிதாபு ஒன்றின் பிரதியை யாராவது செய்து காட்டினால், அதை விரிப்பதற்கு முன் மூடிவைத்து ஓரத்தைப் பார்ப்பேன். இன்றைய கெட்டி அட்டைப் புத்தகத்தில் அட்டை தாள்களைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரபு நூல்களின் பழைய கட்டில் அந்த நீட்டல் கிடையாது. அட்டையும் தாளும் ஒரே விளிம்பில் முடியும். அந்த நூல்களை அலமாரியில் நிறுத்தி வைக்கவில்லை, படுக்கவைத்தே அடுக்கினார்கள். பெயரைக்கூட முதுகில் எழுதாமல் தாள்களின் அடி விளிம்பில் எழுதும் வழக்கம் இருந்தது. நிற்காத நூலுக்கு நீட்டிய அட்டை எதற்கு? பிரதி செய்கிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்த ஓரத்தைத்தான்.

அடுத்தது நாக்கு. இடப்பக்கத்து அட்டையிலிருந்து ஒரு தோல் பட்டி கிளம்பி, தாள்களின் வெளி ஓரத்தை மூடி, அங்கிருந்து முக்கோணமாக ஒடுங்கி வலப்பக்கத்து மேலட்டைக்கு அடியில் போய் அடங்கும். மேலட்டைக்கு மேலே அல்ல, அடியில். சினிமாவிலும் கடையிலும் பார்க்கும் ‘பழைய’ குறிப்பேடுகளில் இந்த மடல் அட்டையின் மேலே ஏறிக் கிடக்கும். அதைக் கட்ட ஒரு தோல் கயிறு, ஒரு பித்தளைப் பொத்தான். நாக்கு அடியில் அடங்கும்போது மேலட்டையின் எடையே அதைப் பிடித்துவைக்கும். கயிறும் பொத்தானும் தேவைப்படாத இந்த அமைப்பைப் போல அழகான தீர்வை நூல்கட்டுக் கலையில் நான் வேறு பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவன் என் தங்கச்சியின் மகன். கல்முனையில் அவன் படிக்கும் பாடசாலையில் மீலாத் விழா நாடகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரையிலிருந்து தோணியேறி வரும் ஓர் ஆலிம் அதில் பாத்திரம். அவர் கையில் தோலுறை போட்ட ஒரு பயணக் குறிப்பேடு வேண்டும். கதை கற்பனை என்றாலும் அப்படி வந்தவர்கள் உண்டு. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அறியப்படும் செய்யிது முஹம்மத் (1816–1898) கீழக்கரைக்கும் இலங்கைக்கும் இடையில் போய்வந்தவர்; அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் நிறைய எழுதியவர். அத்தகைய ஒருவர் கையில் இருந்திருக்கக்கூடிய ஏட்டைச் செய்வது சின்ன வேலையல்ல.

உலகெங்கும் இந்தக் கைவேலையில் பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். 1989இல் வெளிவந்த மூன்றாவது இண்டியானா ஜோன்ஸ் படத்தில் தந்தை ஜோன்ஸ் வைத்திருக்கும் நாட்குறிப்பை இன்றும் பலர் வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் செய்கிறார்கள். அவர்களுடைய பொறுமையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏட்டுக்குள் செருகிய பயணச் சீட்டு, ஒட்டிய படம், ஓரத்தில் கிறுக்கிய கணக்கு எல்லாவற்றையும் யோசித்து வைக்கிறார்கள். ஆனால் அது ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவரின் ஏடு. நம் ஆலிமின் கையில் அதைக் கொடுத்தால் பொருந்தாது.

மருமகன் முதலில் செய்ததும் அப்படித்தான் இருந்தது. தேநீரில் ஊறவைத்த தாள், மெழுகுதிரியில் கருக்கிய ஓரம், பழுப்பு றெக்சின்.

“எப்படி மாமா, பழசுபோல இரிக்கா?”

“பழசுபோல இரிக்கு மகன். ஆனா ஆரும் பாவிச்ச மாதிரி இல்ல.”

அவனுக்கு முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் மறுபடி தொடங்கினான், இந்த முறை உள்ளிருந்து.

தாள்களை மடித்து, மடிப்புகளை ஒன்றோடொன்று கோத்துத் தைப்பதுதான் முதல் வேலை. ஐரோப்பியக் கட்டில் முதுகுக்குக் குறுக்கே கயிறு ஓடும். தையல் அதைச் சுற்றிப் போகும். கிதாபுக் கட்டில் கயிறு இல்லை. ஒவ்வொரு மடிப்பின் நூலும் முந்திய மடிப்பின் தையலுக்குள் நுழைந்து வெளியே வரும், பெரும்பாலும் இரண்டே இடங்களில். அதனால் முதுகு தட்டையாக, முண்டு முடிச்சில்லாமல் இருக்கும். தோலும் அதன்மேல் சப்பென்று படியும். பழைய நூல்களில் பட்டு நூலைக் காணலாம். நெசவுக்குப் பெயர்போன மருதமுனை பக்கத்திலேயே இருக்கும்போது நூலுக்கு எங்கே அலைய வேண்டும்? முதுகின் இரு முனைகளிலும் இரு நிற நூலால் மீன்முள் போலச் சாய்கோடாகப் பின்னும் ஒரு சிறு பட்டி உண்டு. அவன் சிவப்பும் மஞ்சளும் எடுத்தான். ஒரு முனை முடிய ஒரு பின்னேரம் போயிற்று. மேடையில் அதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஏட்டைக் கையில் எடுக்கும் நடிகனின் விரல் அதில் படும்.

அட்டைக்கு மரம் வேண்டாம். தாளைத் தாளோடு பசை போட்டு ஒட்டி, பாரம் வைத்துக் காயவிட்டால் அதுவே பலகைபோல ஆகிவிடும். அந்தக் காலத்தில் கழித்த தாள்களைத்தான் இதற்கு எடுத்தார்கள். இன்று பழைய அட்டைகளை நனைத்துப் பிரிக்கும் ஆய்வாளர்களுக்கு அவற்றுள்ளிருந்து வேறு நூல்களின் பக்கங்களே கிடைப்பதுண்டு.

தோல் விடயம்தான் பெரியது. உழ்ஹிய்யாத் (குர்பானித்) தோலை இதற்கு எடுக்கலாமா என்றால், உழ்ஹிய்யா கொடுத்தவர் அந்தப் பிராணியின் தோலை விற்கக் கூடாது, தானமாகக் கொடுக்கலாம், தானே பயன்படுத்தவும் செய்யலாம் என்பதும், பதனிட்டால் தோல் சுத்தமாகும் என்பதும் ஷாபிஈ மத்ஹபில் உள்ளவை. ஆனால் றபான் பறைக்குப் போர்த்தும் பதனிடாத தோல் நூலுக்கு ஆகாது, அது மடங்காது. மருமகன் சப்பாத்துத் தைக்கும் ஒருவரிடம் மீதித் துண்டு வாங்கி வந்தான். அது குரோம் உப்பில் பதனிட்டது. பளபளப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கோடு இழுத்தால் நிற்கவில்லை. அழுத்திய தடம் சற்று நேரத்தில் மறைந்தது. நூலுக்கு வேண்டியது பட்டையில் பதனிட்ட வெள்ளாட்டுத் தோல். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்டுக் கப்பலேற்றிய தோல் ஒரு காலத்தில் லண்டன்வரை நூல் கட்டப் போனது. அங்கே கலைச் சங்கம் அமைத்த குழு 1901இல் கொடுத்த அறிக்கை அந்தத் தோலைக் கடுமையாகக் குறை சொன்னது: ஓராண்டுக்குள்ளேயே சில அட்டைகள் கெடத் தொடங்கின என்று. ஆவாரம் பட்டையின் துவர்ப்பு வெளிச்சத்திலும் புகையிலும் சிதைந்து தோலைச் செந்தூளாக உதிர வைக்கும். பழைய புத்தகத்தைத் தொட்டதும் விரலில் ஒட்டும் சிவப்புப் பொடி பெரும்பாலும் இதுதான். கடுக்காய் அவ்வளவு கெடுதல் செய்யாது. மேடைக்கு எதுவும் போதும். வைத்துக் காக்க நினைப்பவர் எதில் பதனிட்டது என்று கேட்டு வாங்க வேண்டும்.

தோலின் விளிம்பை உட்புறத்தில் சீவி மெலிதாக்கும் வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண்ணாடித் துண்டின் மேல் தோலைக் கவிழ்த்து, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, வெளிநோக்கித் தள்ள வேண்டும். சரியாகச் சீவினால் விளிம்பு தாளளவுக்கு மெலிந்து, அட்டையில் ஒட்டியபின் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. நாக்கு மடியும் இரண்டு இடங்களில் இன்னும் மெல்லிசாக வேண்டும், ஆனால் அங்கேதான் தோல் அதிகம் உழைக்கிறது. அவன் அங்கே கையை நிறுத்தி, மடித்துப் பார்த்து, மறுபடி சீவினான். அந்த நிறுத்தத்தில் அவன் கைவேலைக்காரனாகிவிட்டான் என்று எனக்குப் பட்டது.

அலங்காரத்துக்கு அட்டை நடுவே வாதுமை வடிவப் பதக்கம் ஒன்றை அச்சுக் குத்தலாம் என்றான். அரசவை நூல்களுக்கு அது சரி. பயணம் போகும் ஆலிமின் ஏட்டுக்கு ஈரமான தோலில் சூடான கருவியால் இழுத்த இரண்டு கோடுகள் போதும். அடக்கமே அங்கே அழகு.

உள்ளே என்ன எழுதுவது? மேடையில் கைமாறிக் கீழேயும் விழக்கூடிய பொருளில் ஆயத்துகளை எழுதக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். சரியான தீர்ப்பு. பயணக் கணக்கு, ஹிஜ்ரித் திகதிகள், பிள்ளை பிறந்த நாள், இன்னாருக்கு இத்தனை அவணம் நெல் என்று அரபுத் தமிழில் எழுதினோம். பக்க எண் போடவில்லை. விரித்தால் வலப்பக்கத்தின் அடியில், இட மூலையில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைச் சிறிதாக எழுதிவைக்க வேண்டும். தாள் இடம் மாறினால் அதைப் பார்த்தே சேர்ப்பார்கள்.

முதுமையைப் பூசவே இல்லை. ஒத்திகை நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் அதை எடுத்தார்கள், திறந்தார்கள், நாக்கைச் செருகினார்கள். பெருவிரல் படும் இடத்தில் தோல் கறுத்து மினுங்கத் தொடங்கியது. மடிப்பில் நிறம் வெளிறியது. தேநீர்க் கறை தாள் முழுக்க ஒரே சீராகப் பரவும். கை பட்ட தேய்வு சில இடங்களில் மட்டும் இருக்கும், அந்த இடங்கள் நூலை எப்படிப் பிடிப்பார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

இப்படிப் பிரதி செய்ய அசல் நூல்கள் எஞ்சியிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் கடல் ஏறியபோது மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு வீட்டு அலமாரிகளும் போயின. எஞ்சிய கிதாபுகளை அட்டை கழன்றுவிட்டது என்பதற்காக றெக்சின் போட்டுப் புதுக்கக் கொடுக்காதீர்கள். கழன்ற அட்டையைத் துணியில் சுற்றி நூலோடு வையுங்கள். அதற்கு முன் நாக்கின் நீளம், அகலம், மடிப்பு விழும் இடம், தையல் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை அளந்து எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரதி செய்ய வரும் பிள்ளைகளுக்கு அந்த அளவுகள் வேண்டும்.