மன்ரோவில் மாந்தரும் ஒரு தந்தையின் இரு சித்திரங்களும்

அரபு இலக்கியத்தில் 'மனாகிப்' என்றும் 'மஸாலிப்' என்றும் இருவகை நூல்கள் உண்டு. ஒரு குலத்தின் சிறப்பை உரைப்பது முன்னது. அதன் குறையை ஒளியாது உரைப்பது பின்னது. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து மன்ரோவில் என்னும் சிற்றூரைப் பெயர் மாற்றிப் படைத்த ஹார்ப்பர் லீயின் இரு நாவல்களையும் அடுத்தடுத்துப் பயின்றபோது இப்பாகுபாடே நம் நினைவுக்கு வந்தது.

அவ்வூரில் லீ குடும்பம் பெயர் பெற்றது. தந்தையார் அமாசா கோல்மன் லீ வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர். மூத்த மகள் ஆலிஸ் முதுமையிலும் வழக்கறிஞராய்த் தொழில் புரிந்து, 2014இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார். இளைய மகளே ஹார்ப்பர் லீ (1926–2016). அடுத்த வீட்டில் உறவினரிடம் வளர்ந்த சிறுவன் பின்னாளில் ட்ரூமன் கபோட்டி என்னும் எழுத்தாளனானான். ஒரே தெருவுக்கு இத்துணைப் பேறு!

1960இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்', அத்தந்தையையே அட்டிகஸ் ஃபிஞ்ச் ஆக்கியது. குற்றமற்ற கறுப்பின மனிதனுக்காக ஊரை எதிர்த்து வாதிடும் உத்தமர் அவர். 1961இல் புலிட்சர் பரிசு, 1962இல் திரைப்படம். பழைய நீதிமன்றம் அருங்காட்சியகமாயிற்று. கதையை ஊராரே ஆண்டுதோறும் நாடகமாக நடித்தனர். இது மனாகிப்.

அதற்கு முன்னரே எழுதப்பட்டு, 2015இல்தான் அச்சேறிய 'கோ செட் எ வாட்ச்மேன்' நூலிலோ, அதே அட்டிகஸ் வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்கக் கூடிய சபையில் அமர்ந்திருக்கிறார். வளர்ந்துவிட்ட மகள் மாடத்திலிருந்து அதனைக் கண்டு குலைகிறாள். வாசகர் பலர் மனம் புண்பட்டனர். நூலின் கட்டுக்கோப்பு தளர்ந்தது என்பதையும், பிற்பகுதி கதையாகாமல் வெறும் வாதமாகவே நின்றுவிடுகிறது என்பதையும் நாமும் மறுக்கவில்லை. ஆயினும், இது ஆசிரியையின் புகழைக் கெடுத்த நூல் என்பாருடன் நாம் உடன்படோம். தந்தையை நேசித்துக்கொண்டே அவரது குறையைக் காணும் துயரம் முதல் நூலில் இல்லை. அங்கே காண்பவள் குழந்தை.

அவ்வூரின் மெய்வரலாறும் இரண்டாம் நூலின் பக்கமே சாய்கிறது. வால்டர் மக்மிலியன் என்னும் கறுப்பினத்தவர், மன்ரோவில் கடையொன்றில் 1986இல் நடந்த கொலைக்காக மறு ஆண்டு கைதானார். கொலை நடந்த வேளையில் அவர் தம் வீட்டில் இருந்தார் எனப் பலர் சான்று பகர்ந்தும் பயனில்லை. ஜூரிகள் ஆயுள் தண்டனை போதுமென்றனர். நீதிபதியோ அதனை ஒதுக்கி மரண தண்டனை விதித்தார். பொய்ச்சாட்சியம் வெளிப்பட்டு 1993இல்தான் அவர் விடுதலையானார். அட்டிகஸைத் தம் ஊரார் எனக் கொண்டாடிய வட்டாரத்திலேயே இது நிகழ்ந்தது. நாடகத்தில் கண்ணீர் விடுவது எளிது. சாட்சிக் கூண்டில் நின்ற அண்டை வீட்டார் சொல்லை நம்புவது அவர்களுக்கு எளிதாயில்லை.

இவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் 2014இல் 'ஜஸ்ட் மெர்சி' என்னும் நூலாக இதனை எழுதியுள்ளார். முதல் நாவலை மட்டும் படித்து நிறைவுற்ற அன்பர்கள், ஏனைய இரண்டையும் இதே வரிசையில் படிப்பார்களாக.